படகு ஓடாத நாளின் மினுக்கம்

நெடுந்தீவுக்குப் படகில் போய்ப் படிப்பிக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த மினுக்கம் பழக்கம். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பி வரும்போது வெயில் கடலில் விழுந்து துண்டு துண்டாக உடையும். அதைப் பார்த்தபடியே வந்து குறிகட்டுவான் துறையில் இறங்கினால் அந்தத் துண்டுகள் கண்ணை விட்டுப் போகாது. பஸ் கொண்டக்டரின் முகத்தில் மிதக்கும், ரிக்கெற்றில் மிதக்கும். கண்ணுக்குள்ள கடல் வந்திட்டுது என்று சொல்லிச் சிரிப்போம். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தால் அது தன்பாட்டில் போய்விடும்.

எனக்கு அந்த மினுக்கம் பிடிக்கும். மற்ற ஆசிரியைகள் குடையைக் கடல் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு தூங்குவார்கள். நான் தூங்கமாட்டேன். கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு ஒரு நாளில் கணக்கில்லாமல் கிடைக்கிற பொழுது அது ஒன்றுதான். கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன யோசித்தாய் என்று யாரும் கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

வீடு சரவணையில், அதுவும் தீவுதான், ஆனால் பஸ் போகும். எனக்குச் சீதனமாகத் தந்த வீடு, அம்மாவும் எங்களோடுதான். கணவர் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். கலியாணமாகி நாலாவது வருடத்தில்தான் வயிற்றில் பிள்ளை தங்கியது. தங்கிய நாள் முதல் ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொன்னார்கள். இடமாற்றம் எடு, லீவு எடு, படகில் போகாதே. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற குணம். லீவையெல்லாம் இப்போதே தின்று தீர்த்தால் பிள்ளை பிறந்த பிறகு யார் அதை வைத்துப் பார்ப்பது என்று கேட்டு எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டேன்.

எனக்கு ஏழாம் மாதம் முடிகிறபோது சோளகக் காற்றுத் தொடங்கியிருந்தது. படகு ஆடும். குமட்டும். நான் மட்டுமில்லை, பாதிப் படகு குமட்டிக்கொண்டுதான் வரும். தலையிடித்தால் வெயில் என்றேன். கால் வீங்கினால் படகில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தது என்றேன். மோதிரம் விரலை விட்டுக் கழலாமல் போனபோது அம்மா சவர்க்காரம் போட்டுக் கழற்றி, வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கைகால் வீங்காமல் வேறென்ன வீங்கும் என்றார். மேல்வயிற்றில் ஒரு நோ வந்து வந்து போனது. உப்புக்காற்று வயிற்றுக்குள் போயிருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். தீவில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு வசதி. எது வந்தாலும் கடலின் தலையில் போட்டுவிடலாம், அது மறுத்துப் பேசாது.

மினுக்கமும் கூடியிருந்தது. முன்பு மாலையில் போய்விடுகிற மினுக்கம் இப்போது அடுத்தநாள் வகுப்பிலும் நின்றது. விகிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு பங்கு தேசிக்காய்ப் புளிக்கு மூன்று பங்கு சீனி, ஆறு பங்கு தண்ணீர் என்று கரும்பலகையில் எழுதினால், எழுதிய எண்களுக்கு மேலே வெள்ளித் துண்டுகள் மெல்ல இறங்கின. பிள்ளைகளின் எண்ணெய் வைத்த தலைகளிலும் இறங்கின. நான் சோக்கட்டியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு அழகு என்றுதான் நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை.

வயிற்றில் இருந்ததோடு பேசுவேன். உனக்கும் தெரியுதா, இதுதான் எங்கட கடல் என்பேன். என் கண்ணால் அதுவும் பார்க்கிறது என்று ஒரு எண்ணம் எப்படியோ வந்துவிட்டது. நான் பார்த்த வெளிச்சம் இரத்தத்தோடு இறங்கிப்போய் உள்ளே விழுகிறது, அது கையை நீட்டிப் பிடித்து விளையாடுகிறது. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. கணக்கு ரீச்சர் சொல்லக்கூடிய பேச்சா இது.

ஒரு திங்கட்கிழமை காற்று மிஞ்சிவிட்டது. படகு ஓடாது என்று விடியவே ஃபோனில் செய்தி வந்தது. அன்று எங்கள் பசுவும் கன்று போட்டிருந்தது. கன்று எழுந்து நின்றுவிட்டது, நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாட்டின் இளங்கொடியைக் கண்ட இடத்தில் எறியமாட்டார்கள். பைக்குள் போட்டுக் கட்டி, பால் வடிகிற மரமாகப் பார்த்துத் தொங்கவிடுவார்கள். அப்போதுதான் மாட்டுக்குப் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. ஒழுங்கை முடிவில் நிற்கிற ஆலமரத்தில் எப்போதும் நாலைந்து பைகள் தொங்கும். சின்ன வயதிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்த மரத்தைக் கடப்பேன். அன்றும் அம்மா பசளைப் பை ஒன்றுக்குள் கொடியைப் போட்டு வாயைக் கட்டிக் கணவரிடம் கொடுத்தார். நான் குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தேன்.

மினுக்கம் வந்தது. மாட்டின் முதுகில், கன்றின் ஈர மயிரில், கணவரின் கையிலிருந்த பையில், எல்லாவற்றிலும் வெள்ளித் துண்டுகள். நான் சிரித்துக்கொண்டே, கண்ணுக்குள்ள கடல் வந்திட்டுது என்றேன்.

பையைப் பிடித்தபடி அவர் நின்றார்.

"இண்டைக்குத்தான் படகே ஓடேல்லையே. நேற்று ஞாயிறு. அதுக்கு முதல் நாள் சனி. கடலை நீர் கண்ணாலயும் காணேல்லை. பிறகு உது எங்கால வந்தது?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வெங்காயத்தை எண்ணுகிறமாதிரி என்னுடைய நாளை எண்ண வந்துவிட்டாரே என்று. வாயைத் திறந்தேன். பிறகு நானும் நாட்களை எண்ணினேன். வெள்ளிக்கிழமை பார்த்த கடல் திங்கட்கிழமை வரைக்கும் கண்ணில் நிற்காது. சனி பின்னேரம் உடுப்புத் தோய்க்கும்போதும் மினுங்கியது, ஞாயிறு சோறு வடிக்கும்போதும் மினுங்கியது, இரண்டு நாளும் நான் அதைக் கேள்வி கேட்கவில்லை.

அம்மா கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றவர், கழுவின கையைத் துடைக்காமலே வந்தார். அவருடைய முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை.

"வெளிக்கிடு பிள்ளை. இப்பவே வெளிக்கிடு" என்றார்.

ஏன் என்று கேட்டேன். அவர் என் செருப்பை எடுத்துவந்து காலடியில் போட்டார். கணவர் பையை மாட்டுக்கொட்டில் தூணில் கொழுவிவிட்டு ஓட்டோ பிடிக்க ஓடினார்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் பிறஷர் பார்த்தார்கள். பிறகு வேறொரு மெஷினில் பார்த்தார்கள். பிறகு கையால் காற்றடிக்கிற பழைய மெஷினிலும் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் கூடத்தான் காட்டியது. சலத்தில் ஒரு கடதாசிக் கீலத்தை நனைத்தார்கள், மஞ்சளாக இருந்தது கரும்பச்சையாக மாறியது. அதுவரை என்னோடு பகிடி விட்டுக்கொண்டிருந்த நேர்ஸ் டொக்டரைக் கூட்டிவரப் போனார். அதன்பிறகு அம்புலன்ஸ். கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதி றோட்டில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல், உச்சி வெயில். நான் கண்ணை இறுக்கி மூடினேன். மூடின கண்ணுக்குள்ளும் அது மினுங்கிக்கொண்டேயிருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவ்வளவு நாளும் நான் ஆசையாகப் பார்த்த ஒன்றைப் பார்த்துப் பயந்தேன்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டொக்டர் என்னைவிட வயதில் இளையவர் போலிருந்தார். கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு ஆறுதலாகப் பேசுவார். அவர் சொன்னது எனக்கு விளங்கிய மாதிரி இதுதான். பிள்ளைக்குச் சாப்பாடும் காற்றும் போவது கொடி வழியாக. ஆங்கிலத்தில் வேறு பெயர் சொன்னாலும் எனக்கு அது கொடிதான். பிள்ளை தங்கிய முதல் மாதங்களிலேயே கொடி தாயின் கர்ப்பப்பைக்குள் வேரோடி, அங்குள்ள இரத்தக் குழாய்களை அகலமாக்கிக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. குழாய் ஒடுங்கியே இருந்துவிடும். பிள்ளை சின்னதாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வளர வளரப் போதாமல் போகும். எங்கள் தோட்டத்தில் தண்ணீர்க் குழாயை யாரோ மிதித்துக்கொண்டு நின்றால் கடைசிப் பாத்தி வாடுமே, அப்படி.

வாடுகிற கொடி சும்மா இருக்காதாம். தாயின் இரத்தத்துக்குள் தன்னுடைய சாமான்களை விடுமாம். இரத்தக் குழாய்களை வளர்த்துச் சுகமாக வைத்திருக்கிற ஒன்று குறைந்துபோகும், அதை மறித்துப் பிடிக்கிற இன்னொன்று கூடிப்போகும். அதனால் தாயின் உடம்பிலுள்ள குழாய்களெல்லாம் இறுகும். சிறுநீரகம், ஈரல், மூளை, கண், எல்லாம் அதற்குள் மாட்டும். அந்த இரண்டு சாமான்களையும் இரத்தத்தில் அளந்து, ஒன்றுக்கு மற்றது எத்தனை மடங்கு என்று பார்த்தால், இன்னும் எவ்வளவு பொறுக்கலாம் என்று ஓரளவுக்குத் தெரியும். அதை இங்கே செய்ய ஏலாது, கொழும்புக்கு அனுப்ப வேணும் என்றார்.

"விகிதமா?" என்று கேட்டேன்.

ஓம், விகிதம்தான் என்றார். நான் சிரித்தேனாம், கணவர் பிறகு சொன்னார். சிரிப்பு வந்ததற்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

என்னிடமிருந்து எடுத்த இரத்தம் ஐஸ் பெட்டிக்குள் கொழும்புக்குப் போனது. நான் கொழும்பைக் கண்டு எத்தனையோ வருடம். நான் கட்டிலில் கிடக்க, என் இரத்தம் எனக்கு முந்தி யன்னல் ஓரத்தில் இருந்து ஊர் பார்த்துக்கொண்டு போகிறது என்று நினைத்துக்கொண்டேன். வலிப்பு வராமலிருக்க ஊசி மருந்து ஏற்றியிருந்தார்கள். அது கையில் தொடங்கி உடம்பெல்லாம் வெக்கையாகப் பரவியது. அந்த வெக்கைக்குள் நான் மிதந்தேன். நெடுந்தீவின் கல்வேலிகள் கடலுக்கு அடியில் நீண்டு போயின. அந்த வேலிகளுக்கு நடுவே நான் மல்லாந்து கிடந்தேன். மேலே வெகு தூரத்தில் தண்ணீரின் முதுகு, அதில் வெயில். பிள்ளை என் வயிற்றில் இல்லை, பக்கத்தில் கிடந்தது. அது வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. என்னவோ கேட்கிறது. தண்ணீருக்குள் சத்தம் வரவில்லை. கண் விழித்தால் ஒவ்வொரு தரமும் அம்மா என் கால்மாட்டில் இருந்தார்.

கொழும்பிலிருந்து மறுமொழி வந்தது. நான் எண்ணைக் கேட்டேன். டொக்டர் சொன்னார். அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன், அது எனக்கும் என் மகளுக்கும் இடையில் உள்ளது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கொப்பியில் அந்த விடையை எழுதியிருந்தால், திரும்பச் செய் என்று அனுப்பியிருப்பேன். இரத்தத்தை உறைய வைக்கிற தட்டுகளும் குறைந்துகொண்டு வந்தன. ஸ்கானில் பிள்ளை மாதத்துக்கு ஏற்ற நிறை இல்லை.

ஒவ்வொரு நாள் உள்ளே இருந்தாலும் அதன் சுவாசப்பைக்கு நல்லது என்று அவர்களே முதலில் சொல்லியிருந்தார்கள். சுவாசப்பை முற்றுவதற்கு எனக்கு ஊசியும் போட்டிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நான் பிடிவாதம் பிடித்தேன். இன்னும் ஒரு கிழமை, எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை என்றேன். டொக்டருக்குக் கோபம் வரவில்லை.

"நீங்கள் பிள்ளைக்காகப் பொறுக்கிறன் எண்டு நினைக்கிறீங்கள். ஆனா உள்ள பிள்ளைக்குச் சாப்பாடு வாறது குறைஞ்சு போச்சு. அது இனி வெளியில இருந்தால்தான் வளரும்."

பசி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் நான் அதைத்தான் கேட்டேன். வகுப்பில் நின்று வெள்ளித் துண்டுகளைப் பார்த்து ரசித்த நாட்களெல்லாம் பிள்ளை பசியோடு இருந்திருக்கிறது. விளையாடுகிறது என்று நினைத்தேனே, அது விளையாட்டில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதேன். அழுது முடித்து, சரி வெட்டுங்கோ என்றேன்.

ஒப்பரேஷனுக்கு என்னை ஆயத்தம் செய்தபோது அம்மா மட்டும் பக்கத்தில் நின்றார். என் தலைமயிரை இரண்டாகப் பிரித்துப் பின்னிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கும் உந்த வெளிச்சம் வந்தது."

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பிள்ளை இறந்து பிறந்தது என்று மட்டும் எனக்குத் தெரியும். அதைப்பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை. சண்டைக் காலத்தில் தீவை விட்டு இடம்பெயர்ந்து யாரோ வீட்டின் ஒரு அறைக்குள் இருந்தபோது நடந்தது. கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, துளி மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திய விளக்குத்தான். கண்ணுக்குள் மினுங்கியதை அந்த விளக்கின் வேலை என்று அம்மா நினைத்திருக்கிறார். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று விளக்கைத் தள்ளி வைத்தாராம். பகலிலும் மினுங்கிய நாளில்தான் காரணம் விளக்கு இல்லை என்று விளங்கியதாம். அதற்குள் வயிற்றில் அசைவு நின்றுவிட்டது.

"நான் உனக்குச் சொல்லியிருக்க வேணும். வாயால சொன்னால் உனக்கும் வந்திடும் எண்டு பயந்திட்டன்" என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் சீறுகிற எனக்கு அன்று ஒரு துளி கோபமும் வரவில்லை. அந்தக் கை முப்பது வருடமாகப் பயந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறது.

முதுகில் ஊசி போட்டதால் நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்று சொல்லமுடியாது, எண்ணெய் போடாத யன்னல் ஒன்றைத் திறந்தது போல. பெண்பிள்ளை என்றார்கள். என் கன்னத்தில் ஒருதரம் தொட வைத்துவிட்டுக் கொண்டு ஓடினார்கள். பிறகு நான் கொடியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். டொக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு எவர்சில்வர் தட்டில் கொண்டுவந்து காட்டினார். இவ்வளவு சின்னதா என்றுதான் முதலில் தோன்றியது. உள்ளங்கையைக் கொஞ்சம் விரித்து வைத்த அளவு. ஓரங்களில் வெளிறிக் கட்டிப்பட்ட இடங்கள். அந்த வெள்ளை இடங்களுக்கு இரத்தம் போகவில்லை, அவை எப்போதோ செத்துவிட்டன, மிச்சம் இருந்த இடத்தை வைத்துக்கொண்டுதான் இது பிள்ளையை இதுவரை கொண்டுவந்தது என்றார்.

அதை வெறுக்கலாம் என்று நினைத்துத்தான் கேட்டேன். முடியவில்லை. பாதி செத்தும் மற்றப் பாதியால் என் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது. போதாமல் போனபோது தனக்குத் தெரிந்த வழியில் என் இரத்தத்துக்குள் கூப்பிட்டிருக்கிறது. அந்தக் கூப்பாடு என் கண்வரைக்கும் வந்தது. நான் அதை அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதிக்க வேண்டும் என்று அதை மருந்துப் போத்தலுக்குள் போட்டார்கள். கேள்விப்பட்ட அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மாட்டின் கொடிக்கே மரம் இருக்கு, என்ர பிள்ளையின்ர கொடிக்குப் போத்தலா என்று கணவரிடம் முறைப்பட்டாராம். கொட்டில் தூணில் கொழுவிய பையின் நினைவு அப்போதுதான் இருவருக்கும் வந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டு அக்கா அதை எடுத்துக்கொண்டுபோய் ஆலமரத்தில் கட்டிவிட்டிருந்தார். யாரும் சொல்லாமலே கட்டியிருந்தார். இப்போது அந்த மரத்தைக் கடக்கும்போது நான் மூக்கைப் பொத்துவதில்லை.

மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கனநாள் இருந்தாள். அவளுடைய கால் என் சுண்டுவிரல் தடிப்புக்கூட இல்லை. பாலை ஊசிக்குழாயில் எடுத்துத் துளித்துளியாக மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கொடுத்தோம். ஒவ்வொரு துளியும் இறங்கும்போது, உனக்குத் தரவேண்டியது இது, பிந்திப்போச்சு என்று மனதுக்குள் சொல்லுவேன். வீட்டுக்குப் போகிற நாளில் டொக்டர் என்னிடம் இரண்டு விடயம் சொன்னார். அடுத்த பிள்ளை என்றால் தொடக்கத்திலேயே வரவேண்டும். இது சில குடும்பங்களில் தாயிடமிருந்து மகளுக்கும் வரும், ஆகவே உங்கள் மகள் ஒருநாள் பிள்ளைத்தாய்ச்சியானால் முதல் நாளே இதை டொக்டருக்குச் சொல்ல வேண்டும். மடியில் கிடந்த அந்தச் சின்னஞ்சிறுசைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சொன்னது மனதில் இருந்துவிட்டது.

இந்த வருடம் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கு மகளையும் நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து வயது. நிறை இன்னும் கொஞ்சம் குறைவு, வாய் மட்டும் என்னுடையது. திரும்பி வரும்போது மற்றவர்கள் குடையைச் சரித்தார்கள். அவள் என் மடியில் இருந்தபடி கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் பார்த்தேன். அது அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

குறிகட்டுவானில் இறங்கியதும் அவள் கண்ணைக் கசக்கினாள்.

"அம்மா, கண்ணுக்குள்ள மினுங்குது."

பக்கத்தில் வந்தவர்கள் சிரித்து, இவளுக்கும் கடல் வந்திட்டுது என்றார்கள். எனக்குத் தெரியும், அது வெறும் வெயில். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேறொன்றுமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் கொட்டகை நிழலில் முழந்தாளில் இருந்து, அவளுடைய கண்களை என் உள்ளங்கையால் பொத்தினேன். அம்மா சொல்லாமல் விட்டதை நான் இவளுக்குச் சொல்லப்போகிறேன். இன்றைக்கில்லை, ஆனால் நேரகாலத்தோடு, திருப்பித் திருப்பி, அலுக்கும்வரை சொல்லப்போகிறேன். இன்றைக்கு இதை மட்டும் பழக்குவேன் என்று நினைத்தேன்.

"போயிட்டுதோ?"

"இல்லை. இன்னும் இருக்கு."

பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். எல்லோரும் ஏறிவிட்டார்கள். கொண்டக்டர் கையைக் காட்டினார். அடிக்கட்டும் என்று நான் அசையாமல் இருந்தேன். அவளுடைய இமைமயிர் என் கைக்குள் படபடத்தது.

"போனால் எனக்குச் சொல்ல வேணும். போகாட்டிலும் சொல்ல வேணும். எப்பவும். சரியோ?"

"ஓம்" என்றாள். பிறகு என் கைக்குள் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "போயிட்டுதம்மா" என்றாள்.

அதன்பிறகுதான் பஸ் ஏறினோம்.